கோயில்பிள்ளை: பேரா, வேலையா? கேள்வி பதில்

முப்பது வருஷத்துக்கு மேல் கத்தோலிக்கக் கோயிலின் பங்கு அலுவலகத்தில் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் எழுதியவன் நான். நம்ம பக்கத்துக் கிறிஸ்தவப் பெயர்களைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். அறுபதுக்கு மேல் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கேட்டவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

நாசரேத் பக்கத்து ஊர், இப்போது கோவையில் இருப்பவர்: ஐயா, என் தாத்தாவின் பெயர் கோயில்பிள்ளை. பள்ளிக்கூடத்தில் அப்பாவைக் கேலி செய்வார்களாம், அதனால் எனக்கு இனிஷியல் மட்டும் வைத்து விட்டுவிட்டார். இது எங்கிருந்து வந்த பெயர்? வேதாகமத்தில் எங்குமே இல்லையே?

வேதாகமத்தில் அந்தச் சொல் இல்லை. ஆள் இருக்கிறான். அதைப் பிறகு சொல்கிறேன்.

கோயில்பிள்ளை என்பது முதலில் ஒரு வேலையின் பெயர். நெல்லை, தூத்துக்குடிப் பக்கங்களில் கோயிலைத் திறந்து பூட்டி, மணி அடித்து, பீடத்தைத் தயார் செய்கிறவரை அப்படித்தான் சொல்வோம். இந்துக் கோயிலோடு குழம்பாமல் இருக்க எங்கள் ஊரில் 'வேதக்கோயில்' என்பார்கள், ஆனால் பிள்ளையைச் சொல்லும்போது 'வேத' விழுந்துவிடும்.

அவர் என்ன செய்வார் என்று தெரிந்தால் பெயரின் எடை புரியும். நான் சிறுவனாக இருந்தபோது பூசைக்கு உதவி செய்யப் போவேன். விடியற்காலை ஐந்து மணிக்கு முதல் மணி. நாங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் எங்கள் கோயில்பிள்ளை சக்ரீஸ்துவில், அதாவது பூசைச் சாமான்கள் வைக்கும் அறையில், பாதி வேலையை முடித்திருப்பார். மேசைமேல் அன்றைக்கு உரிய நிறத்தில் பூசை உடுப்பு விரித்திருக்கும்: தவக்காலம் என்றால் ஊதா, விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த வேதசாட்சிகளின் திருநாள் என்றால் சிவப்பு, உயிர்ப்புத் திருநாளான பாஸ்குவுக்கு வெள்ளை. இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் ஒன்றில் ரசம், ஒன்றில் தண்ணீர். பீடத்தின் உயரத்தில் இருக்கும் மெழுகுதிரிகளை ஏற்ற ஒரு நீளமான மூங்கில் கழி. அணைக்க அதே கழியின் மறுமுனையில் ஒரு தகரக் கூம்பு. தூபக்காலுக்குச் சிரட்டைக்கரியைக் கனிய வைத்து, பக்குவம் வரும்வரை வெளித்திண்ணையில் நின்று ஆட்டிக்கொண்டிருப்பார். மணிக்கயிறு இழுத்து இழுத்து அவர் உள்ளங்கை பனைமட்டை மாதிரி இருக்கும். ஊரில் யாராவது செத்தால் முதலில் தெரிவது சாமியாருக்கு, இரண்டாவது இவருக்கு. துக்கமணியின் இடைவெளியை வைத்தே ஊர் புரிந்துகொள்ளும்.

இப்படிப்பட்ட ஆளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'கோயில்பிள்ளையைக் கூப்பிடு', 'கோயில்பிள்ளை வீட்டில் சாவி வாங்கிட்டு வா' என்று நாற்பது வருஷம் சொன்னால் அதுதான் பெயர். அப்புறம் பேரன் பிறக்கிறான். நம் ஊர் வழக்கப்படி தாத்தா பெயர் பேரனுக்கு. ஞானஸ்நானத் தொட்டி முன்னால் நின்று வீட்டார் 'கோயில்பிள்ளை' என்று சொல்கிறார்கள். அந்த நிமிஷத்தில் வேலை பேராகிவிடுகிறது. அந்தப் பேரன் ஆசிரியராகவோ ராணுவக்காரராகவோ போயிருப்பார், மணிக்கயிற்றைத் தொட்டே இருக்க மாட்டார்.

உங்கள் தாத்தா இதில் எந்த வகை என்று தெரிய ஒரே வழி பதிவேடு. பெயர்க் கட்டத்தில் இருக்கிறதா, தொழில் கட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய பதிவில் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த 'கோயில்பிள்ளை'யைப் பெயர் என்றே நினைத்துச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டேன். அது தொழில். மூன்று வருஷம் கழித்து அந்தக் குடும்பம் சொத்து விஷயமாகத் திரும்பி வந்தது. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை, சான்றிதழை மேசைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அதே கேள்வியை ஒட்டி, சென்னையிலிருந்து ஒருவர்: அண்ணாச்சி, எங்கள் வீட்டிலும் கோயில்பிள்ளை உண்டு. 'பிள்ளை' இருப்பதால் நாங்கள் பூர்வீகத்தில் வேளாளர் என்று சித்தப்பா சொல்கிறார். உண்மையா?

சித்தப்பாவிடம் தென்னம்பிள்ளை என்ன சாதி என்று கேளுங்கள். கீரிப்பிள்ளை, கிளிப்பிள்ளை, அணில்பிள்ளை எல்லாரையும் வரிசையில் நிறுத்துங்கள்.

இந்தப் 'பிள்ளை' பட்டம் இல்லை. கணக்குப்பிள்ளையில் இருக்கிறதே, அந்தப் பிள்ளை. ஒரு வேலைக்கு, ஓர் இடத்துக்கு உரிய ஆள் என்ற பொருள். கோயிலுக்குக் குழந்தை மாதிரி, கோயிலிலேயே கிடக்கிறவன் என்ற பொருளும் கூடவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்குத் தெரிந்து பல சாதிகளிலும் கோயில்பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள், அந்தந்த ஊர்ச் சபையில் யார் இருந்தார்களோ அவர்கள். 'கோயில்' கூட முதலில் சாமி வீடு இல்லை. கோ என்றால் அரசன், இல் என்றால் வீடு. சிலப்பதிகாரத்தில் கோயில் என்று வருகிற பல இடங்களில் அது பாண்டியனின் அரண்மனைதான். கோயில் என்று எழுதினாலும் கோவில் என்று எழுதினாலும் சரி. சான்றிதழில் எது இருக்கிறதோ அதையே விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டையும் மாற்றி மாற்றி எழுதினால் பாஸ்போர்ட்டுக்கு அலைவீர்கள்.

சாத்தான்குளத்திலிருந்து ஓர் அக்கா: எங்கள் அப்பா கோயில்பிச்சை. கோயில்பிள்ளைதான் எழுத்துப்பிழையாகி இப்படி ஆனதா? 'பிச்சை' என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது தம்பி.

இல்லைக்கா, பிழை இல்லை. தனிப் பெயர்.

முதல் இரண்டு மூன்று பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில் அடுத்த குழந்தைக்குப் பிச்சை என்று பெயர் வைப்பது நம் நாட்டுப் பழைய வழக்கம். எல்லா மதத்திலும் உண்டு. பிச்சையாண்டி, பிச்சம்மாள், பிச்சைமுத்து எல்லாம் அந்த வயிற்றெரிச்சலில் பிறந்த பெயர்கள். கேட்டு வாங்கியது, எனக்கென்று உரிமை கொண்டாட மாட்டேன், நீயே காப்பாற்று என்று கடவுளிடம் சொல்வது. கிறிஸ்தவ வீடுகள் அதற்கு முன்னால் கோயிலைச் சேர்த்துக்கொண்டன. உங்கள் அப்பாவுக்கு முன்னால் பிறந்தவர்கள் யாராவது உண்டா என்று பழைய அடக்கப் பதிவேட்டில் பாருங்கள். எனக்கென்னவோ இருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

கூச்சப்படுகிறீர்களே, இதைக் கேளுங்கள். முதல் சாமுவேல் புத்தகத்தின் முதல் அதிகாரத்தில் பிள்ளை இல்லாத அன்னாள் ஆலயத்தில் அழுது ஜெபிக்கிறாள். ஆண் பிள்ளை பிறந்தால் அவன் வாழ்நாள் முழுக்க உமக்கே என்று நேர்ந்துகொள்கிறாள். பிள்ளை பிறந்ததும், கர்த்தரிடத்தில் கேட்டு வாங்கினேன் என்று சொல்லிச் சாமுவேல் என்று பெயர் வைக்கிறாள். கோயிலில் போய்க் கேட்டு வாங்கிய பிள்ளை. தமிழில் ஒரே சொல்லில் சொல்லுங்கள் பார்ப்போம்: கோயில்பிச்சை. ஊரில் பத்து சாமுவேல் இருப்பார்கள், ஒருத்தருக்கும் கூச்சம் கிடையாது.

முதல் கேள்விக்காரரிடம், வேதாகமத்தில் ஆள் இருக்கிறான் என்றேன் இல்லையா, அதுவும் இவன்தான். பால் மறந்ததும் அவனை ஏலி ஆசாரியரிடம் கொண்டுபோய் விட்டுவிடுகிறாள். மூன்றாம் அதிகாரத்தில் இரவில் கடவுள் அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கதை எல்லாருக்கும் தெரியும். அதற்கு மறுநாள் காலை அவன் செய்த முதல் காரியத்தை யாரும் கவனிப்பதில்லை. பதினைந்தாம் வசனம்: கர்த்தருடைய ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான். அவ்வளவு பெரிய தரிசனம் கிடைத்த பிறகும் பையன் எழுந்து கதவைத் திறக்கிறான், ஏனென்றால் அது அவன் வேலை.

பாளையங்கோட்டை: எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் 'கோயில்குட்டியார்' என்போமே?

அதே வேலைதான். குட்டி என்றால் சின்னவன், ஆர் போட்டது மரியாதைக்கு. சிறுமையும் மரியாதையும் ஒரே சொல்லில். அது பெயராக மாறி நான் பார்த்ததில்லை, யார் வீட்டிலாவது இருந்தால் எழுதுங்கள்.

மணப்பாடு: எங்கள் முன்னோர் ஒருவர் சவேரியார் காலத்துக் 'கணக்கப்பிள்ளை' என்று பாட்டி சொல்வார். கோயிலில் என்ன கணக்கு?

1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு, அதாவது நம் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்கு வந்தபோது, அங்கிருந்த பரதவர்கள் ஏற்கெனவே சில வருஷம் முன்னால் ஞானஸ்நானம் வாங்கியிருந்தார்கள். ஆனால் செபம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அவருக்குத் தமிழும் தெரியாது. அதனால் ஊர் ஊராக எழுதப் படிக்கத் தெரிந்தவர்களைப் பிடித்தார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்றால் ஊரில் கணக்கப்பிள்ளைதானே. அந்தச் சொல்லையே போர்ச்சுகீசியர் தங்கள் நாக்குக்கு ஏற்ப 'கனக்காப்பொலே' என்று கடிதங்களில் எழுதினார்கள். பிள்ளைகளைக் கூட்டி மந்திரம் படிப்பிப்பது, சாகக்கிடக்கும் குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு.

சம்பளம் எங்கிருந்து வந்தது என்பது நல்ல கதை. முத்துக்குளித்துறை வருமானத்தில் 4,000 பணம் போர்ச்சுகல் அரசி கதரீனாவின் காலணிச் செலவுக்கு என்று ஒதுக்கியிருந்தது. அதைச் சவேரியார் கணக்கப்பிள்ளைகளுக்குக் கேட்டு வாங்கினார். மோட்சத்துக்கு ஏறிப்போக அரசிக்கு இதைவிட நல்ல காலணி கிடைக்காது என்பது அவர் வாதம்.

பின்னாளில் இந்த வேலைக்கு உபதேசியார் என்ற சொல் நிலைத்துவிட்டது. 'உபதேசியார் வீடு' என்று வீட்டுப்பெயராக இன்றும் இருக்கிறது. ஆனால் குழந்தைக்கு உபதேசியார் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, கோயில்பிள்ளை என்று வைத்தார்கள். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பிரசங்கம் செய்கிறவரைவிடக் கதவு திறக்கிறவரை ஊருக்கு நெருக்கமாகத் தெரியும்.

தூத்துக்குடி: அண்ணே, என் பெயர் தஸ்நேவிஸ். கல்லூரியில் எல்லாரும் கிரேக்கப் பெயரா என்கிறார்கள்.

போர்ச்சுகீசியம். 'தாஸ் நேவெஸ்' என்றால் 'பனிகளின்'. அதாவது பனிகளின் அன்னை, உங்கள் ஊர்ப் பனிமய மாதா. நீங்கள் ஆகஸ்ட் 5 ஒட்டிப் பிறந்திருப்பீர்கள், அல்லது உங்கள் அம்மா அந்தத் திருநாளில் நேர்ந்திருப்பார். சரிதானே? பனியே பார்க்காத ஊரில் பனியின் பெயரோடு ஒரு பையன்!

இது கேள்விகளில் பாதிப் பேருக்கான பதிலும்கூட. பழைய பங்குகளில் பெயரை யாரும் தேடி அலையவில்லை. எந்தப் பூசைக்குப் பக்கத்தில் பிள்ளை பிறந்ததோ அந்தப் பூசையின் பெயர். என்னிடம் பிறந்த தேதி இல்லாமல் பெயரை மட்டும் சொன்னால் மாதத்தைச் சொல்லிவிடுவேன், பத்துக்கு ஏழு சரியாக இருக்கும். லூர்து என்றால் பிப்ரவரி 11. சூசை, மார்ச் 19. அந்தோணி, ஜூன் 13, இது மட்டும் நிச்சயமில்லை, செவ்வாய்க்கிழமை நேர்ச்சைக்காக வருஷம் முழுக்க அந்தோணிகள் பிறப்பார்கள். ஞானப்பிரகாசம், ஜூன் 21, ஞானப்பிரகாசியார் என்று நம்மவர்கள் சொல்வது கொன்சாகா குடும்பத்து அலோசியஸைத்தான். உத்தரியம், ஜூலை 16. சந்தியாகு, ஜூலை 25. இன்னாசி, ஜூலை 31. ஆரோக்கியம், செப்டம்பர் 8, வேளாங்கண்ணித் திருநாள். வியாகுலம், செப்டம்பர் 15. மிக்கேல், செப்டம்பர் 29. செபமாலை, அக்டோபர் 7. காணிக்கை, நவம்பர் 21. சவரிமுத்து, டிசம்பர் 3. அமலோற்பவம், டிசம்பர் 8. பேதுரு, பவுல் திருநாளான ஜூன் 29 அன்று இரட்டைப் பையன்கள் பிறந்தால் தகப்பனுக்கு வேலையே இல்லை: ராயப்பன், சின்னப்பன்.

திருச்சி லால்குடிப் பக்கம்: மேலே 'காணிக்கை' என்கிறீர்கள். என் தங்கை காணிக்கைமேரி. உண்டியல் ஞாபகம் வருவதால் பெயரை மாற்றப் போகிறாள்.

மாற்றுவதற்கு முன் இதைச் சொல்லிப் பாருங்கள். நவம்பர் 21 திருநாள், மரியாளை மூன்று வயதில் சுவக்கீனும் அன்னம்மாளும் எருசலேம் ஆலயத்துக்கு ஒப்புக்கொடுத்ததாகச் சொல்லும் பாரம்பரியத்தை ஒட்டியது. இது நற்செய்தி நூல்களில் இல்லை, யாக்கோபின் பெயரால் வழங்கும் ஒரு பழைய நூலில் வருகிறது. அந்தக் கதையில் குழந்தை பீடத்தின் படியில் நின்று நடனம் ஆடுகிறாள். கோயில்பிள்ளைக்குப் பெண்பால் வேண்டும் என்றால் காணிக்கைமேரிதான். உண்டியல் அப்புறம் வந்தது.

மதுரை: அப்பா பெயர் பள்ளிச் சான்றிதழில் ஆசீர்வாதம், ஞானஸ்நானச் சான்றிதழில் பெனடிக்ட். இரண்டு ஆளா என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள்.

ஒரே ஆள். ஆசீர்வாதப்பர்தான் பெனடிக்ட். பழைய பங்குகளில் பதிவேடு லத்தீனில் நடந்தது. வீட்டில் என்ன சொன்னாலும் சாமியார் லத்தீன் வடிவத்தைத்தான் எழுதுவார். அருளப்பன் யொஹான்னெஸ் ஆவார், சின்னப்பன் பவுலுஸ் ஆவார், ராயப்பன் பெத்ருஸ் ஆவார். பங்குச்சாமியாரிடம் இருவரும் ஒருவரே என்று கடிதம் கேளுங்கள், கொடுப்பார். அது மட்டும் போதாது என்றால் அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்புதான் வழி.

உங்களுக்கு இன்னொரு சிக்கலும் வரலாம். கத்தோலிக்க வீட்டு ஆசீர்வாதம் புனிதரின் பெயர். சி.எஸ்.ஐ., லுத்தரன் வீட்டு ஆசீர்வாதம் பெரும்பாலும் அந்தச் சொல்லே, ஆராதனை முடிவில் குருவானவர் கையை உயர்த்திச் சொல்கிறாரே, அது. எழுத்து ஒன்று, வந்த வழி வேறு. அதனால்தான் அகராதியைப் பார்த்துப் பெயருக்குப் பொருள் சொல்கிறவர்களிடம் நான் எப்போதும் முதலில் எந்தச் சபை என்று கேட்பேன்.

தஞ்சாவூர், கல்லூரி மாணவி: ஒலியை அப்படியே எடுக்காமல் பொருளை ஏன் மொழிபெயர்த்தார்கள்? யோசேப்புக்குச் சூசையும் இருக்கிறது, வளனும் இருக்கிறது!

நல்ல கேள்விம்மா. சூசை என்பது ஒலி வழியாக வந்தது. வளன் வீரமாமுனிவர் செய்தது. எபிரேயத்தில் யோசேப்பு என்றால் 'பெருகச் செய்வார்' என்ற பொருள், அதைப் பிடித்துத் தேம்பாவணியின் நாயகனுக்கு வளன் என்று வைத்தார். காவியத்தில் பிறந்த பெயர் இன்று வளனார் என்று கல்லூரிப் பலகைகளில் நிற்கிறது. சின்னப்பர் அப்படித்தான், லத்தீனில் பவுலுஸ் என்றால் சின்னவர். அருளப்பர், யோவானின் பொருளான 'கடவுள் அருள்கூர்ந்தார்'. ராயப்பருக்குத் தெலுங்கின் ராயியை, அதாவது கல்லை, காரணமாகச் சொல்வார்கள். பேதுருவும் கல்தானே.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது தேவசகாயம். எபிரேய எலேயாசர், கிரேக்கம் வழியாக லாசர், பொருள் 'கடவுள் உதவினார்'. நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன் திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்தவர். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் மூலமாக விசுவாசத்துக்கு வந்து, 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் லாசர் என்ற பெயரில் ஞானஸ்நானம் வாங்கினார். ஊர் அவரை லாசர் என்று கூப்பிடவில்லை, தேவசகாயம் என்றே கூப்பிட்டது. 1752 ஜனவரியில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோதும் அந்தத் தமிழ்ப் பெயர் கூடவே இருந்தது.

வேலூர்: என் மாமாவின் பெயர் மால்கம். தமிழ்நாட்டில் இந்தப் பெயருக்கு என்ன வேலை?

உங்கள் ஊரிலேயே பிறந்த பொருளாதார அறிஞர் மால்கம் ஆதிசேஷய்யாவை மறந்துவிட்டீர்களே. பெயர் ஸ்காட்லாந்தினுடையது. கேலிக் மொழியில் 'மேல் கொலும்', கொலும்பாவின் அடியான். கொலும்பா 563-இல் அயோனா தீவில் மடம் கட்டிய அயர்லாந்துத் துறவி.

'மேல்' என்பதற்கு நேர்ப்பொருள் மொட்டை. துறவி ஆகிறவர் தலையை மழிப்பார், அதனால் மொட்டை என்றால் அடியவர். வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டு வரும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம். இன்னும் ஒன்று. அந்தக் கொலும்பாவை அயர்லாந்துக்காரர்கள் 'கொலும் கில்லே' என்பார்கள். அதன் பொருள் கோயில்புறா. உங்கள் மாமா கோயில்புறாவின் மொட்டை! வீட்டு விசேஷத்தில் சொல்லிவிட்டு என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

பெங்களூர்: மகளுக்கு ஃபீபி என்று வைத்தோம். கிரேக்கத் தெய்வத்தின் பெயர், கிறிஸ்தவர்கள் வைக்கலாமா என்று மாமியார் கேட்கிறார்.

தமிழ் வேதாகமத்தில் ரோமர் 16-ஆம் அதிகாரம் முதல் வசனத்தை எடுத்து மாமியாரிடம் கொடுங்கள். பெபேயாள். கெங்கிரேயா ஊர்ச் சபையின் ஊழியக்காரி. பெயரின் பொருள் 'ஒளி பொருந்தியவள்', கிரேக்கப் புராணத்திலும் உண்டு, உண்மைதான். ஆனால் பவுல் அவளுக்குக் கொடுக்கும் சொல் 'தியாகொனோஸ்'. டீக்கன் என்ற பதவிப் பெயர் வந்த அதே சொல். மாமியார் எழுந்து நின்று வாசிக்கட்டும்.

மன்னார்: ஐயா, எங்கட அப்பப்பா செபமாலை. இந்தியாவிலும் உண்டோ?

உண்டு, ஆனால் உங்கள் பக்கம் அளவுக்கு இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் வைப்பார்கள். அக்டோபரில் பிறந்தவரா என்று பார்த்துச் சொல்லுங்கோ.

திருநெல்வேலி: எண்கணிதப்படி 'ஜெபமணி'க்கு இன்னொரு ஏ சேர்க்கலாமா?

எனக்கு அந்தக் கணக்கு வராது.

நாகர்கோவில்: அண்ணா, அடுத்த மாதம் எங்களுக்குக் குழந்தை. கோயில் ஊழியத்தைச் சொல்லும் பெயர் வேண்டும், ஆனால் பள்ளிக்கூடத்தில் கேலி செய்யக்கூடாது.

கேலிக்கு நான் பொறுப்பு ஏற்க முடியாது தம்பி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எந்தப் பெயரையும் விடமாட்டார்கள். ஆண் என்றால் சாமுவேல். பெண் என்றால் பெபேயாள் பழைய மாதிரி தெரிந்தால் ஃபீபி. ஏசுவடியான் என்ற அருமையான நெல்லைப் பெயர் ஒன்று தேய்ந்துகொண்டே வருகிறது, துணிச்சல் இருந்தால் அதை வையுங்கள். ஆராதனா கேட்டிருந்தீர்கள். அழகான பெயர்தான், ஆனால் வகுப்பில் நான்கு ஆராதனா இருப்பார்கள்.

மறுபடியும் அந்தக் கோவைக்காரர்: ஐயா, நேற்று ஊருக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்த்தேன். ஞானஸ்நானத்தில் தாத்தா பெயர் 'பவுல்' என்று இருக்கிறது. திருமணப் பதிவில் 'கோயில்பிள்ளை பவுல்'. எங்கள் அப்பாவின் ஞானஸ்நானத்தில் தகப்பன் பெயர் வெறும் 'கோயில்பிள்ளை'. தொழில் கட்டத்தில் 'விவசாயம்'. எப்படிப் புரிந்துகொள்வது?

அருமை, போய்ப் பார்த்தீர்களே. பேரன் வகை இல்லை, அவரேதான் மணி அடித்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பே வேலையில் சேர்ந்திருக்கிறார், முதல் பிள்ளை பிறப்பதற்குள் பவுலை ஊர் மறந்துவிட்டது. தொழில் கட்டத்தில் விவசாயம் என்று இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். வயல்தான் சோறு போட்டிருக்கும். மணிக்கு மாதம் ஏதோ கொஞ்சம் கொடுத்திருப்பார்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பது சபையின் வரவு செலவுப் புத்தகத்தில் இருக்கும். குருவானவரிடம் கேட்டுப் பழைய புத்தகங்களை எடுக்கச் சொல்லுங்கள், செலவுப் பக்கத்தில் விளக்கெண்ணெய், மெழுகுதிரி, மணிக்கயிறு என்று போகும் வரிகளுக்குக் கீழே 'கோயில்பிள்ளைக்கு' என்று ஒரு வரி வரும். அதன் எதிரே அவர் கையெழுத்தோ கைநாட்டோ இருக்க வேண்டும். பவுல் என்று போட்டிருக்கிறாரா, கோயில்பிள்ளை என்று போட்டிருக்கிறாரா என்று பார்த்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.